கட்டிலுக்கு அடியில்

மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் நாளெல்லாம் படுக்கை விரிப்பு மடிப்பதால் அவளுக்கு மடிப்பக்கா என்று பெயர். வீட்டுக்குப் போனால் நான்கு வயது மகள். கணவர் லாரியோடு ஊர் ஊராகப் போகிறவர். மாதத்தில் பாதி நாள் அப்பா என்பது போனில் வரும் குரல்தான். சாப்பாடு, குளியல், தூக்கம் என்று எதற்கெடுத்தாலும் மகள் வீட்டை இரண்டாக்குவாள். மடிப்பக்காவும் பதிலுக்குக் கத்துவாள். பிறகு சத்தம் வெளியே கேட்காமலிருக்கக் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுவாள். தாயாக இருக்கவே தனக்குத் தகுதியில்லையோ என்ற எண்ணம் அவளை உள்ளுக்குள் அரித்துக்கொண்டே இருந்தது.

சுகாதார நிலைய நர்ஸ் விடாப்பிடியாகச் சொன்னதால் சனிக்கிழமை நடக்கும் பெற்றோர் வகுப்புக்குப் போனாள். ஏழெட்டுப் பேர் வட்டமாக உட்கார்ந்திருப்பார்கள். பிள்ளைகள் பக்கத்து அறையில். முதல் நாளே டீச்சர், "இந்த வாரம் பிள்ளைக்கு என்ன நல்லது செஞ்சீங்க?" என்று கேட்டார். "தினமும் கதை சொல்றேன்" என்று மடிப்பக்கா வாய் கூசாமல் அளந்துவிட்டாள். அதற்குக் கைதட்டல் வேறு! அப்புறம் வாரா வாரம் அந்தப் பொய்க்குப் புதுப்புதுக் கதை தேட வேண்டியதாயிற்று. இருக்கிற பாடு போதாதென்று இது ஒரு பாடு.

ஒரு வாரம் எல்லாரையும் கண்ணை மூடி நிதானமாக மூச்சுவிடச் சொன்னார் டீச்சர். மற்றவர்கள் கண்ணைத் திறந்தார்கள், மடிப்பக்கா திறக்கவில்லை. அவள் விழித்தபோது வகுப்பு முடியும் நேரம். எல்லாரும் குசுகுசுவென்று பேசிக்கொண்டிருந்தார்கள். அவள்மேல் யாருடைய சால்வையோ கிடந்தது.

"ஏன் எழுப்பல?" என்றாள், வெட்கம் பிடுங்கித் தின்ன.

"பாவம், தூங்கட்டும்னு விட்டோம்" என்றார் பஸ் டிரைவர். மூன்று பிள்ளைகளுக்கு அப்பா. ஆள் வாட்டசாட்டமாக இருப்பார்.

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். இதைத் தாங்க முடியவில்லை.

"நான் கதையே சொல்றதில்லைங்க. வீட்டுக்குப் போனா பேசவே தெம்பில்ல. நேத்து நான் கத்தின கத்துல குழந்தை கட்டிலுக்கு அடியில போய் ஒளிஞ்சிடுச்சு. கூப்பிட்டாலும் வரல."

டிரைவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"எங்க வீட்ல கட்டிலுக்கு அடியில போய் ஒளிஞ்சது நான்தாம்மா. மூணும் சேர்ந்து அப்படிக் கத்துச்சுங்க. என்ன, பாதி உடம்புதான் உள்ள போச்சு."

டீச்சருக்கே சிரிப்பை அடக்க முடியவில்லை. மடிப்பக்கா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தன் வீட்டில் மட்டும்தான் இப்படி என்று இத்தனை நாள் நினைத்திருந்தாளே!

அதற்காக மகள் மாறிவிடவில்லை. அன்று சாயங்காலமே தட்டைத் தள்ளிவிட்டுக் கூச்சல் போட்டாள். சாப்பாடு தரையெல்லாம் சிதறியது. மடிப்பக்காவுக்குத் தொண்டை வரைக்கும் கத்தல் வந்துவிட்டது. என்ன தோன்றியதோ, விறுவிறுவென்று போய்க் கட்டிலுக்கு அடியில் புகுந்து படுத்துக்கொண்டாள். தரை குளுகுளுவென்று இருந்தது. அப்படியே தூங்கிவிடலாம் போலிருந்தது.

கூச்சல் நின்றது. சின்னக் கால்கள் கட்டிலருகே வந்து நின்றன. பிறகு மகளின் முகம் குனிந்து எட்டிப் பார்த்தது.

"அம்மா, உன்னை யாரும்மா திட்டினா?"

மடிப்பக்கா நகர்ந்து, மகளுக்கும் இடம் விட்டாள்.