மழையில் தின்ற ரொட்டி

கடைச் சோறு கட்டுப்படியாகவில்லை என்று புலம்பிய சக ஆசிரியைகள் நாலு பேருக்காக, ஐந்து பள்ளி நாளுக்கான மலிவான வாரச் சமையல் திட்டமொன்றை ஏஐயிடம் கேட்டேன். திங்களுக்கு அது தேங்காய் ரொட்டியும் மிளகாய் இடித்த கட்டச் சம்பலும் சொன்னது. இன்று காலை நான் போட்ட முதல் ரொட்டி கல்லில் கருகிய வாசத்தில் எனக்கு மறுபடி எட்டு வயதாகிவிட்டது.

அன்று அம்மாவும் நானும் தேயிலைத் தோட்டத்திலிருந்து மஸ்கெலியா டவுனுக்கு வந்திருந்தோம். ஒரு சாப்பாட்டுக் கடையில் இரண்டு பிளேன்டீ சொல்லிவிட்டு, கொழுந்துக் கறை ஏறிய விரல்களால் அம்மா ரொட்டிப் பொட்டலத்தைப் பிரித்தார்.

"தோட்டத்து ரொட்டிய இங்க பிரிக்காத. வெளிய போய்த் தின்னு," என்றார் முதலாளி.

மழையில் நின்று தின்றோம். சம்பல் கரைந்து அம்மாவின் முழங்கைவரை சிவப்பாக வழிந்தது.

"அழுவாத புள்ள, மெல்லு."

நான் அழவில்லை. கடையின் பெயர்ப்பலகையை எழுத்துக்கூட்டி மனதில் வைத்துக்கொண்டேன்.

இப்போது நான் அதே டவுனில் டீச்சர். சக ஆசிரியைகள் நாலு பேரும் தினமும் பகலில் சாப்பிட்டது அந்தக் கடையில்தான். நான் மட்டும் அதன் படியேறியதில்லை. இன்று அவர்களைக் கூட்டிக்கொண்டு நானே ஏறினேன். ஐந்து பிளேன்டீ சொல்லி, மேசை நிறைய ரொட்டியைப் பரப்பினேன். வெளியே மழை பிடித்திருந்தது. நரைத்துப்போன முதலாளி எட்டிப் பார்த்து, வழக்கமாக வரும் நாலு பேரிடமும் கேட்டார்.

"என்னங்க டீச்சர், இன்னைக்குச் சோறு வேணாமா?"

"வேணாங்க முதலாளி. இது தோட்டத்து ரொட்டி. வெளிய போய்த் திங்கவா?" என்றேன் நான்.

"ஐயோ, உக்காந்து சாப்பிடுங்க டீச்சர்," என்று பதறினார். அவருக்கு எதுவும் ஞாபகமில்லை.

பரவாயில்லை. திட்டத்தில் இன்னும் நாலு நாள் இருக்கிறது, இதே மேசையில்.