அம்மே என்றால் மிட்டாய்

ஜப்பானுக்குப் போகும் எண்ணம் எனக்கு ஒரு துண்டிலிருந்து வந்தது. பின்கட்டுக் குழாயடியில் பிள்ளையைக் குளிப்பாட்டி, அவள் வழுக்கிக்கொண்டு ஓடிவிடாமல் முழங்கால்களுக்கு நடுவில் இடுக்கி, தலை துவட்டிக்கொண்டிருந்தேன். என் வீட்டுக்காரர் ஜவுளிக்கடையிலிருந்து வழக்கத்தைவிடச் சீக்கிரம் வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றார்.

"முதலாளி என்னையக் கோபேக்கு அனுப்பறாரு. சரக்கு எடுக்க. திரும்பி வர அரை வருஷம் ஆயிடும்."

முகத்தில் பாதி பெருமை, பாதி பயம்.

நான் கையிலிருந்த துண்டைப் பார்த்தேன். அதன் ஓரத்தில் 'ஜப்பானில் செய்தது' என்று ஆங்கிலத்தில் அச்சடித்திருந்தது. சோப்பு வைத்திருந்த பீங்கான் கிண்ணம் ஜப்பான். பிள்ளை கையில் பிடித்திருந்த செல்லுலாய்ட் பொம்மை ஜப்பான். கொடியில் காய்ந்த பாவாடைத் துணி ஜப்பான். கதவு மூலையில் சாய்த்திருந்த குடை, அடுப்படித் தீப்பெட்டி, என் கொண்டையில் செருகியிருந்த சீப்பு, எல்லாமே ஜப்பான். எங்கள் வீட்டில் பாதி அங்கிருந்து கப்பலேறி வந்து குந்தியிருக்கிறது. எங்கள் வீட்டிலிருந்து ஒரு ஜீவன் அங்கே போனதில்லை. இது என்ன நியாயம்?

"நாங்களும் வர்றோம்" என்றேன்.

"எங்க?"

"கோபேக்குத்தான். நானும் இவளும்."

"விளையாடாத. கடையில இதுவரைக்கும் யாரும் பொண்டாட்டியக் கூட்டிட்டுப் போனதில்ல."

"அவங்கல்லாம் என்னையக் கட்டலையே!"

அவர் சிரித்துவிட்டார். அவர் சிரித்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. மிச்சப் பாதி கூடத்தில் உட்கார்ந்து வெற்றிலை கிள்ளிக்கொண்டிருந்தது. அதாவது என் மாமியார்.

நான் கான்வென்ட்டில் ஏழாவது வரை படித்தவள். உலகப் படத்தில் ஜப்பானைக் கடல்குதிரை மாதிரி வரைந்து கன்னியாஸ்திரீயிடம் பாராட்டு வாங்கியவள். பினாங்குத் தீவில் நான் போன தூரம் பாலிக் புலாவ் வரைக்கும்; அங்கே டுரியான் பழம் தின்று வயிற்றைக் கெடுத்துக்கொண்டு திரும்பியதோடு சரி. இதையெல்லாம் அத்தையிடம் எடுத்துச் சொன்னேன். அத்தை காது கொடுத்துக் கேட்டார். பிறகு கேட்டார்:

"பிள்ளைக்கு அங்க யாரு சோறு ஊட்டுவா?"

அங்கேதான் மாட்டிக்கொண்டேன். என் மகள் சோற்றைக் கண்டால் வாயைப் பூட்டிக்கொள்ளும் சாதி. வீட்டில் நாங்கள் இரண்டு பேர், பக்கத்து வீட்டுச் சீனத்தி ஒருத்தி, மூவரும் மாற்றி மாற்றிக் காக்காயையும் ரிக்ஷாவையும் காட்டித்தான் நாலு வாய் உள்ளே போகும். நடுக்கடலில் காக்காய்க்கு எங்கே போவது?

அத்தை தீர்ப்பு சொன்னார். "கப்பல் சிங்கப்பூர்ல நிக்குமில்ல? அதுவரைக்கும் பிள்ளை ஒழுங்காத் தின்னா மேல போ. தின்னலன்னா நீயும் அதுவும் பெரியவ வீட்ல எறங்கிக்கணும். அவன் மட்டும் போயிட்டு வரட்டும். பெரியவ கப்பலுக்கே வந்து பாத்துச் சொல்லுவா."

பெரியவள் என்றால் என் நாத்தனார், இவருடைய அக்கா, சிங்கப்பூரில் வாழ்க்கைப்பட்டவர். ஆறு பிள்ளை வளர்த்தவர். பிள்ளையின் வயிற்றை அழுத்திப் பார்த்தே முந்தின வேளை என்ன சாப்பிட்டது என்று சொல்லிவிடுவார் என்று எங்கள் குடும்பத்தில் நம்பிக்கை. ஆக, நான் ஜப்பானைப் பார்ப்பதும் சிங்கப்பூரில் நாத்தனார் வீட்டு அம்மியைப் பார்ப்பதும் ஒரு சின்ன வயிற்றின் கையில் போய்விட்டது.

"சம்மதம்" என்று உடனே சொன்னேன். யோசித்தால் பயம் வந்துவிடும்.

கப்பல் ஜப்பான்காரர்களுடையது. துறைமுகத்தில் அதன் பக்கத்தில் நின்று அண்ணாந்தபோது எனக்குத் தொப்பி இருந்திருந்தால் விழுந்திருக்கும். உள்ளே எல்லாம் மினுமினுப்பு. கதவுக் கைப்பிடி, படிக்கட்டுக் கம்பி, எங்களுக்குப் பரிமாற வந்த வயதான ஜப்பானியரின் வழுக்கைத் தலை, எல்லாம் ஒரே பாலிஷ். அறையில் படுக்கைகள் அலமாரித் தட்டு மாதிரி ஒன்றின்மேல் ஒன்று. நான் மேல்தட்டுக்கு ஏறி இறங்கி, மறுபடி ஏறிப் பார்த்தேன். "ஒனக்கு வயசு என்ன, இவளுக்கு வயசு என்ன?" என்றார் இவர், பிள்ளையையும் என்னையும் மாறி மாறிக் காட்டி.

அன்று மாலை மேல்தளத்தில் பிள்ளை என்னைத் தேடிக் கத்தினாள்: "அம்மே!"

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். என் தாயார் நாகர்கோவில் பக்கம். நான் அவரை 'அம்மே' என்று கூப்பிட்டு வளர்ந்தவள். என் மகளுக்கும் அதுவே ஒட்டிக்கொண்டது. என் மாமியாருக்கு அது பிடிக்காது. "அதென்ன ஆட்டுக்குட்டியாட்டம் அம்மே, அம்மேன்னு" என்பார்.

பிள்ளை கத்தியதும் பரிமாறுகிறவர் சட்டென்று வானத்தைப் பார்த்தார். பிறகு ஓடிப்போய் நாற்காலிகளில் இருந்த மெத்தைகளை எல்லாம் வாரி எடுத்து உள்ளே கொண்டுபோனார். வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. கப்பல்காரர்களுக்கு இப்படிச் சாயங்கால வழக்கம் ஏதோ உண்டு போல என்று நினைத்துக்கொண்டேன்.

இரவுச் சாப்பாட்டுக்குப் பிள்ளை நன்றாகவே உட்கார்ந்தாள். நான் சோற்றைப் பிசைந்து ஒரு வாய் கொடுத்தேன். பூட்டு. காலையில் ரொட்டியைப் பாலில் நனைத்துக் கொடுத்தேன். பூட்டு. மதியம் மீன்குஞ்சு, கப்பல் கொடி, புகைபோக்கி எல்லாவற்றையும் காட்டினேன். காக்காயாக நானே கத்தினேன். பக்கத்து மேசை வெள்ளைக்காரர் கத்தியையும் முள்ளையும் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தார். பிள்ளையும் சிரித்தாள், வாயை மூடிக்கொண்டே.

வியப்பு என்னவென்றால் அவள் சோர்ந்து போகவில்லை. கப்பல் முழுக்க ஓடினாள், குதித்தாள். "காத்தக் குடிச்சே உயிர் வாழுது" என்றார் இவர். எனக்கோ நெஞ்சுக்குள் நாத்தனாரின் கை ஒரு வயிற்றை அழுத்திக்கொண்டே இருந்தது. ஊட்டுகிற நேரம் போக மிச்ச நேரமெல்லாம் ஜப்பான் ஆசையும் அடங்கவில்லை. ஒரு கண்ணில் கவலை, ஒரு கண்ணில் கொண்டாட்டம். நான் எப்படித்தான் நேராக நடந்தேனோ!

அப்புறம் கவனித்தேன். பிள்ளை 'அம்மே' என்று கூப்பிடுகிறாள். நான் பக்கத்திலேயே நிற்கிறேன். அவள் முகம் என் பக்கம் இல்லை. பரிமாறுகிறவர் பக்கம் திரும்பியிருக்கிறது. அவர் குனிகிறார். சட்டைப் பைக்குள் கை விடுகிறார். பிள்ளை வாயைத் திறக்கிறாள், வீட்டில் ஒரு நாளும் எனக்குத் திறக்காத அகலத்துக்கு!

ஓடிப்போய் அவள் வாய்க்குள் விரல் விட்டேன். மிட்டாய். பழுப்பு நிறம், பிசுபிசுப்பு. அதுவும் காகிதத்தைப் பிரிக்காமலேயே வாயில் போட்டிருக்கிறார்! "காகிதம்! காகிதம்!" என்று நான் கத்த, அவர் பயந்துபோய் இன்னொரு மிட்டாயை எடுத்துக் காகிதத்தோடு தன் வாயில் போட்டு மென்று, நாக்கை நீட்டிக் காட்டினார். காகிதம் காணோம். கரைந்துவிட்டது.

அந்த நேரத்துக்குச் சிரித்துக்கொண்டே ஒரு ஜப்பான்கார அம்மாள் எழுந்து வந்தார். ஜார்ஜ் டவுனில் புருஷனோடு படமெடுக்கும் கடை வைத்திருந்தவராம்; சொந்த ஊருக்குத் திரும்பிக்கொண்டிருந்தார். பசார் மலாய், அதாவது கடைத்தெரு மலாய், என்னைவிட நன்றாகப் பேசினார்.

"பயப்படாதே. அது அரிசியில் செய்த காகிதம். தின்னலாம்" என்றார் மலாயில். "உன் பிள்ளைதான் கேட்கிறாள். நேற்றிலிருந்து கேட்டுக்கொண்டே இருக்கிறாள்."

"என்ன கேட்டாள்?"

"அமே! எங்கள் பாஷையில் அமே என்றால் குலா-குலா. மிட்டாய்."

எனக்குத் தலை சுற்றியது. "அப்போ நேற்று மெத்தையை எல்லாம் ஏன் எடுத்தார்?"

அந்த அம்மாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டார். "அமே என்றால் மழையும்தான்!"

நான் தரையிலேயே உட்கார்ந்து சிரித்தேன். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தேன். ஒரு பிள்ளை தாயைக் கூப்பிட்டால் மழைக்குப் பயந்து மெத்தையைச் சுருட்டுகிற நாட்டை நான் பார்க்காமல் இருப்பதா? இவர் வந்து விஷயம் கேட்டுவிட்டு, "இனிமே யாரும் பிள்ளை அரிசியே தின்னலன்னு சொல்ல முடியாது லா. காகிதமாத் தின்னுருக்கே" என்றார்.

சிரித்து முடித்ததும் பயம் வந்தது. மறுநாள் சிங்கப்பூர். பிள்ளையின் வயிற்றில் இருப்பது முழுக்கச் சர்க்கரை. நாத்தனாரின் சங்கதியை அந்த அம்மாளிடம் ஒன்றுவிடாமல் சொன்னேன். அவர் பரிமாறுகிறவரைக் கூப்பிட்டு ஏதோ சொன்னார். கொஞ்ச நேரத்தில் ஒரு மூடி போட்ட கிண்ணம் வந்தது. திறந்தால் கஞ்சி! குழையக் குழைய வெந்த அரிசிக் கஞ்சி. நடுவில் ஒரு சிவப்புக் காய், நாம் உப்பில் ஊறப்போடும் எலுமிச்சை மாதிரி. அம்மாள் கரண்டியில் கொஞ்சம் எடுத்து ஊதிவிட்டுப் பிள்ளையிடம் நீட்டினார்.

"மம்மா" என்றார்.

பிள்ளை அவரை உற்றுப் பார்த்தாள். "மம்மம்?" என்று கேட்டாள்.

"மம்மா, மம்மா!"

நான் வாயைப் பிளந்தேன். நம் வீட்டில் பிள்ளைக்குச் சோறு மம்மம். அவர்கள் வீட்டிலும் பிள்ளைக்குச் சோறு மம்மா! பெற்றவளைக் கூப்பிடும் சொல் அங்கே மிட்டாயாகி, மழையாகி, கப்பலையே குழப்பிவிட்டது. சோறு மட்டும் வழி தவறாமல் சோறாகவே போய்ச் சேர்ந்திருக்கிறது. பிள்ளை வாயைத் திறந்தாள். ஒரு வாய். காய் புளித்ததும் முகத்தைக் கசக்கிக் கண்ணை மூடித் தோளைக் குலுக்கினாள். போச்சு என்று நினைத்தேன். கண்ணைத் திறந்தாள். "மம்மம்" என்றாள் மறுபடி.

சிங்கப்பூரில் ஏணிப்படி இறக்கியதும் முதலில் ஏறி வந்தவர் என் நாத்தனார்தான். ஒரு கையில் தூக்குச்சட்டி, மறு கையில் முந்தானை. கீழே அவர் வீட்டுக்காரர் எங்கள் பெட்டிகளுக்காக ரிக்ஷாவைப் பிடித்து நிறுத்தியே வைத்திருந்தார்.

"பிள்ளை எங்க?" என்றவர் பதிலுக்குக் காத்திராமல் அவளைத் தூக்கி, சட்டையை விலக்கி, வயிற்றில் நாலு விரல் வைத்து அழுத்தினார். தெரியாத முகத்தைக் கண்ட பிள்ளை கப்பல் அதிரக் கத்தினாள்:

"அம்மே!"

அந்தப் பக்கமாகத் தட்டோடு போய்க்கொண்டிருந்த பரிமாறுகிறவர் நின்றார். பழக்க தோஷம், கை பைக்குள் போய்விட்டது. ஜப்பான்கார அம்மாள் தொண்டையைச் செருமினார். பைக்குள் போன கை வெறுங்கையாக வெளியே வந்தது. அந்தப் பெரிய மனிதர் முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு, உள்ளங்கையை விரித்து, வானத்தைப் பார்த்தார்.

நாத்தனாரும் பார்த்தார். "என்னடி, மழை வருதா?"

"வர்ற மாதிரி இருக்கு அண்ணி" என்றேன், கொளுத்துகிற வெயிலில்.

"வயிறு ஒட்டித்தான் கெடக்கு. வா, இட்லி கொண்டாந்துருக்கேன்." தூக்குச்சட்டி திறந்தது. பிள்ளை இட்லியைப் பார்த்தாள், வாயைப் பூட்டினாள். நாத்தனார் என்னைப் பார்த்தார். கீழே ரிக்ஷாக்காரன் சக்கரத்தைத் தட்டினான். அப்போது பிள்ளை நாத்தனாரின் இடுப்பிலிருந்தே ஜப்பான்கார அம்மாளை நோக்கிக் கையை நீட்டினாள்.

"மம்மம்!"

கிண்ணம் வந்தது. பிள்ளை தின்றாள். முகத்தைக் கசக்கினாள், தின்றாள், தோளைக் குலுக்கினாள், தின்றாள். நாத்தனார் இடுப்பில் கைவைத்து நின்று கடைசி வாய்வரைக்கும் பார்த்தார். அடியில் ஒட்டியிருந்த சிவப்புத் துணுக்கை விரலால் தொட்டு நாக்கில் வைத்தார்.

"ஊறுகாதான். காரத்த எங்கடி தொலச்சானுங்க?"

"போய்த்தான் பாக்கணும் அண்ணி."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு கம்பியருகே போய்க் கீழே குரல் கொடுத்தார்: "ஏங்க, ரிக்ஷாவ அனுப்பிருங்க!" திரும்பி என்னிடம், "அம்மாட்ட நான் சொல்லிக்கிறேன். ஒங்க வீட்டுப் பிள்ள ஒரு கிண்ணம் கஞ்சி குடிச்சதுன்னா அம்மா நம்ப மாட்டா, சத்தியம் பண்ணணும்" என்றார். அந்த இட்லிகளை நானும் அவரும் ஜப்பான்கார அம்மாளும் மணியடிக்கும் முன் தின்று தீர்த்தோம்.

சிங்கப்பூர் பின்னால் போனது. இனி யாரும் இறக்கிவிட முடியாது! இவர் கோபேக்காக வாங்கிய ஜப்பான் பாஷைப் புத்தகத்தை விரித்து, வயிற்றிலிருந்து குரல் எழுப்பி, நீண்ட வாக்கியம் ஒன்றை ஒப்பித்தார். பரிமாறுகிறவர் பணிவாகக் கேட்டுவிட்டு ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து போட்டார். இவர் கேட்டது எத்தனை மணி என்று.

"நீங்க விடுங்க. நான் ஒவ்வொரு சொல்லாப் பிடிக்கிறேன்" என்றேன்.

ஹாங்காங் தாண்டினால் குளிர் வருமாம். பிள்ளையை வெந்நீரில்தான் குளிப்பாட்ட வேண்டும் என்று அந்த அம்மாள் சொன்னார். வெந்நீருக்கு என்ன சொல்ல என்று கேட்டேன்.

"ஓயு."

இவர் நெற்றியில் அடித்துக்கொண்டார். "ஓய்னு கூப்பிட்டா அந்த மனுசன் என்ன நெனப்பாரு? நம்மூர்லயா இருந்தா அடிக்க வருவான்."

"ஓய் இல்லைங்க, ஓயு. கடைசியில உதட்டக் குவிக்கணும்."

அன்று படுக்கப் போகும்வரை உதட்டைக் குவித்துக்கொண்டே இருந்தேன். என் பக்கத்தில் படுத்துக்கொண்டு பிள்ளையும் குவித்தாள். விடிந்ததும் செம்பை எடுத்துக்கொண்டு, அவளை இடுப்பில் வைத்துக்கொண்டு, பரிமாறுகிறவர் எதிரில் போய் நின்று, சிரிக்காமல், ஒரே தடவை, சரியாகச் சொல்லிப் பார்ப்பது என்று முடிவு செய்தேன். வெந்நீர் வந்தால் அடுத்த சொல் சோப்பு.