எள்ளளவு மரவட்டை

பொட்டிப்புரத்தில் என் தோட்டத்துக்கு வந்த அந்த ஆராய்ச்சிக்காரப் பெண்ணால் ஒரு நிமிடம் சும்மா நிற்க முடியாது. காதில் செருகிய பிரஷ்ஷும் தலையெல்லாம் புழுதியுமாக, டீ குடிக்கும்போதுகூடக் கல்லைப் புரட்டுவார். பார்த்துவிட்டு, இருந்த வாக்கிலேயே திரும்ப வைப்பார். கறையானோடு புற்றுக்குள் வாழும் எள்ளளவு வெள்ளை மரவட்டையைத் தேடி வந்திருந்தார்.

“இதுக்கா இம்புட்டுத் தூரம் வந்தீக?” என்றேன்.

“மலைக்கு அந்தப் பக்கம் கேரளாவுல இருக்கு. இந்தப் பக்கம் யாருமே தேடிப் பார்க்கலை.”

வரப்போரத்துப் புற்றின் விளிம்பை மட்டும் கிளறினார்.

“முழுசா உடைச்சா தெரியும். ஆனா புத்து போயிடுமே.”

மறுநாள் அதை நிரவப் பொக்லைனுக்குச் சொல்லியிருந்தேன். தடுத்துவிடுவாரோ என்று வாயைத் திறக்கவில்லை. அவர் நோட்டில் ‘இல்லை’ என்று எழுதிக்கொண்டு பஸ் ஏறினார்.

பொக்லைன் புற்றைப் பிளந்தபோது, சிதறிய கறையான்களுக்கு நடுவே எள் போல ஒரு வெள்ளை, அவசரமே இல்லாமல் ஊர்ந்தது. “ஏலே, நிறுத்து!” என்று கத்தினேன். இரைச்சலில் டிரைவருக்குக் கேட்கவில்லை.

அந்தப் பெண்ணின் பெயரைக்கூட நான் கேட்டு வைக்கவில்லை. அவர் நோட்டில் என் தோட்டத்துக்கு நேராக ‘இல்லை’ என்றுதான் இருக்கும். அன்றைக்கு அது தப்பு. இப்போது சரியாகவும் இருக்கலாம்.