மாமாவின் பிரஷரும் என் ரஹ்மான் சூராவும்

குர்ஆன் ஓதுவதைக் கேட்டால் மனப் படபடப்பு அடங்குகிறது, மூளைக்குள் நடக்கும் மாற்றத்தைக் கருவி வைத்தே பார்க்கலாம் என்று எங்கள் குடும்ப வாட்ஸ்அப்பில் மாதம் ஒரு வீடியோவாவது வரும். வந்ததும் உம்மா, "இத எங்கட மகள் எப்பவோ காட்டிட்டா" என்று எழுதிவிடுவார். நானும் மறுப்பதில்லை. பத்து வயதில் கிடைத்த வெற்றியை யார்தான் விட்டுக்கொடுப்பார்?

உம்மாவின் தம்பி, அதாவது என் மாமா, உக்குவளையில் மிளகும் கராம்பும் வாங்கி விற்பவர். ஹாபிழும்கூட, முழுக் குர்ஆனும் மனப்பாடம். யார் ஓதினாலும் பிழை பிடிப்பார். ஓரெழுத்தை நீட்ட மறந்தாலும் தொண்டையைக் கனைப்பார். அவர் வீட்டுக்கு வந்தால் நான் குர்ஆனை மூடி வைத்துவிட்டுப் பாத்திரம் கழுவப் போய்விடுவேன். பாத்திரம் கழுவுவது எனக்கு அறவே பிடிக்காது.

மாமாவுக்குச் சின்ன வயதிலேயே ஒரு கண் போய்விட்டது. மிஞ்சிய கண்ணிலும் புரை விழுந்தது. ஒப்பரேஷன் செய்தால் சரியாகிவிடும் என்றார்கள். ஆனால் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்ததுமே பயத்தில் அவருக்குப் பிரஷர் ஏறிவிடும். மாத்திரைக்கும் இறங்காது. இரண்டு முறை திருப்பி அனுப்பிவிட்டார்கள். மூன்றாம் முறை மாத்தளைக்குப் போனபோது ஸ்கூல் லீவு என்று நானும் ஒட்டிக்கொண்டேன். அதற்குள் மாமாவுக்கு என் முகம் தெரியாது, சட்டையின் நிறம்தான் தெரியும்.

அன்றும் ஏறியது. மாமி சளைக்கவில்லை. போனில் குர்ஆனின் ரஹ்மான் சூராவைப் போட்டுத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்தார். அருமையான குரல். இறுகியிருந்த மாமாவின் விரல்கள் மெல்லத் தளர்ந்தன. அந்த நேரம் பார்த்து ஓதல் நின்று, ஒரு பெண் பொடுகு ஷாம்பு விற்கத் தொடங்கினாள். "அஸ்தஃபிருல்லாஹ்!" என்று மாமா எழுந்தே உட்கார்ந்துவிட்டார். நர்ஸ் மிஸ்ஸி மறுபடி அளந்தார். முன்பைவிடக் கூடியிருந்தது.

"இன்னும் அரை மணித்தியாலம் பாக்குறேன். கொறயல்லன்னா வீட்டுக்குத்தான்," என்றார் மிஸ்ஸி, சிங்கள வாடையடித்த தமிழில். பிறகு என்னைப் பார்த்து, "துவ, மகள், ஒங்களுக்கு ஓத ஏலாதா? போன் வாணாம்."

ரஹ்மான் சூராவை மதரசாவில் பாடமாக்கியிருந்தேன். ஆனால் அதில் ஒரே வசனம், ஒரே ஆயத்து, முப்பது தடவைக்கு மேல் திரும்பத் திரும்ப வரும். கொஞ்சம் அசந்தால் எங்கிருந்து எங்கே தாவினோம் என்று ஓதுகிறவருக்கே தெரியாது. அதுவும் மாமாவுக்கு முன்னால்!

கண்ணை மூடிக்கொண்டு ஆரம்பித்தேன். பக்கத்துக் கட்டில்காரர்கள் பேச்சை நிறுத்தினார்கள். மாமாவின் மூச்சு நிதானமாவது எனக்கே கேட்டது. பாதியில் தாவிவிட்டேன். இரண்டு ஆயத்துகள் விட்டுப்போனது, தாண்டிய பிறகுதான் உறைத்தது. கனைப்புக்குக் காத்திருந்தேன். வரவில்லை. ஒரு கண்ணைத் திறந்து பார்த்தேன். மாமா கண்மூடிக் கிடந்தார், உதடுகள் மட்டும் ஏதோ முணுமுணுத்தன. தூக்கத்தில் உளறுகிறார் என்று நினைத்தேன். துணிச்சல் வந்துவிட்டது. குரலை உயர்த்தி, கடைசி வரை ஓதி முடித்தேன்.

மிஸ்ஸி கைப்பட்டியைக் கட்டி அளந்தார். இன்னொரு தடவை அளந்தார்.

"ஹரி! எறங்கிட்டு! கெதியா தியேட்டருக்குக் கொண்டு போங்க!"

மாமி அழுதுகொண்டே என்னை இறுக்கிக் கட்டிக்கொண்டார். மறுநாள் கட்டவிழ்த்ததும் மாமா என் முகத்தைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினார்.

"மகள், இந்தப் பல்லு எப்ப விழுந்திச்சி?"

அந்த வாரம் முழுவதும் நான் தரையில் நடக்கவில்லை. என் ஓதலால் பிரஷர் இறங்கியதை ஊருக்கே சொன்னேன். ஒரு ஹாபிழையே ஏமாற்றிவிட்டேன் என்பதை மட்டும் யாரிடமும் சொல்லாமல் ரகசியமாக ரசித்தேன்.

சென்ற ரமழானில் என் கடைக்குட்டித் தம்பி அதே சூராவில் அதே மாதிரி தாவினான். அவன் நின்றுவிடக் கூடாதே என்று, விட்டுப்போன ஆயத்துகளை என் உதடுகள் சத்தமில்லாமல் ஓதின. அப்போதுதான் தெரிந்தது, அன்று மாமா தூங்கவே இல்லை.