கல்லைத் தேர்ந்தெடுத்தவள்

செந்தாமரை யாரையும் திட்டியதில்லை. திட்டத் தெரியாதவள் என்று சந்துக்குள் பேர். காரைக்குடியில் ஒரு சின்னப் பிள்ளையார் கோயிலை ஒட்டிய சந்து அது. கோயிலுக்குச் சற்றுத் தள்ளிப் பாண்டீஸ்வரியின் தையல் கடை. அங்கே செந்தாமரை ஜாக்கெட் தைக்கிறாள். நேர் எதிரே அருள்பாண்டியின் செல்போன் கடை. இந்தக் கடையில் இருமினால் அந்தக் கடையில் கேட்கும், சந்து அவ்வளவு குறுகல்.

எட்டாவதோடு போதும் என்று அப்பா சொன்னார், படிப்பை நிறுத்திக்கொண்டாள். தேவகோட்டையிலிருந்து வந்த மாப்பிள்ளையை அண்ணன் வேண்டாம் என்றார். அவளுக்கு அந்த ஆளைப் பிடித்திருந்தது. அவளிடம் யாரும் கேட்கவில்லை, அவளும் வாய் திறக்கவில்லை. தலையில் வைக்கிற பூவைக்கூட அண்ணிதான் பார்த்து வாங்கி வருவாள்.

அவளாகப் பார்த்து வளர்த்தது வெள்ளச்சி ஒருத்தியைத்தான்.

வெள்ளச்சி இருந்தது ‘கோதா’ என்ற செல்போன் விளையாட்டில். முகம் தெரியாத ஆட்களோடு ஒண்டிக்கு ஒண்டி மோதுகிற சண்டை அது. ஒன்றுமில்லாத ஆளாகத் தொடங்கி, சண்டை போட்டுப் போட்டு மேலே வர வேண்டும். ஓர் உயரத்துக்கு வந்ததும் அந்த ஆள் உருமாறலாம். எவால்வ் பண்ணுவது என்று பையன்கள் சொல்வார்கள். நெருப்பு, நிழல், கல் என்று மூன்று வழிகள். நெருப்பை எடுத்தால் அடி வேகமாக விழும். நிழலை எடுத்தால் மறைந்து மறைந்து அடிக்கலாம். கல்லை எடுத்தால், நாலைந்து மூச்சு விடும் நேரம் ஆடாமல் அசையாமல் நிற்க வேண்டும். அதற்குள் எதிராளி ஒரு விரல் பட்டாலும் எல்லாம் வீண். படாமல் நின்றுவிட்டால் அடுத்த ஒரே அடியில் எதிராளியின் உயிர் முழுவதும் போய்விடும். அவ்வளவு நேரம் எவன் சும்மா இருப்பான்? கல்லை யாருமே எடுப்பதில்லை. எதை எடுத்தாலும் ஒரே தடவைதான், பிறகு மாற்ற முடியாது.

வெள்ளச்சி அந்த உயரத்துக்கு வந்து வெகுகாலம் ஆகியிருந்தது. செந்தாமரை இன்னும் தேர்ந்தெடுக்கவில்லை. ஊக்கு தைக்கும்போதும் பொத்தான் துளைக்குக் காஜா எடுக்கும்போதும் நெருப்பா, நிழலா என்று மனத்துக்குள் மாற்றி மாற்றி வைத்துப் பார்ப்பாள். முடிவு தன் கையில் இருக்கிறது என்கிற அந்த நினைப்பே அவளுக்கு இனித்தது. அதனால் தள்ளிப் போட்டுக்கொண்டே இருந்தாள்.

அந்த நேரத்தில்தான் போன் கீழே விழுந்து டிஸ்ப்ளே உடைந்தது. எதிர்க்கடையில் கொடுத்தாள். சரி பண்ணிப் பார்க்க வேண்டும் என்று லாக்கைத் திறக்க விரலால் இழுக்கும் கோட்டையும் கேட்டு வாங்கிக்கொண்டான் அருள்பாண்டி. போன் புதுசு போலத் திரும்பி வந்தது. கோதாவைத் திறந்தாள். வெள்ளச்சி இல்லை. இருந்த இடமே இல்லை.

இரண்டாம் நாள் எதிர்க்கடைச் சுவர் டி.வி.யில் வெள்ளச்சியைப் பார்த்தாள். அருள்பாண்டி தன் போனை டி.வி.யோடு இணைத்து விளையாடுவான், பையன்கள் கூடி நின்று பார்ப்பார்கள். அதே முகம், அவள் பார்த்துப் பார்த்து வாங்கிப் போட்ட அதே பச்சை இடுப்புக் கச்சை. தலைக்கு மேலே ‘கே.கே.டி. கில்லர்’ என்று வேறு பேர். இரண்டு கைகளிலும் நெருப்பு எரிந்துகொண்டிருந்தது.

செந்தாமரை சந்தின் அந்தப் பக்கம் போனாள். வாழ்நாளில் அவள் கேட்ட முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.

“தம்பி, என் போன்ல ஒரு ஆளு இருந்துச்சு...”

“எந்த ஆளுக்கா?” அருள்பாண்டி பையன்களைப் பார்த்துக் கண்ணடித்தான். “போனுக்குள்ள ஆளு வச்சிருந்தீகளா? வீட்டுக்குத் தெரியுமா?”

பையன்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

“கோதாவுல. வெள்ளச்சின்னு...”

“நீங்க கோதா ஆடுவீகளா? ஏக்கா, நீங்க வாசல்ல நாயி நின்னாலே அங்குட்டுச் சுத்திப் போற ஆளு. போங்கக்கா, போயி ஊக்கு தைங்க.”

அவளுக்குக் காது மடல் சுட்டது. திரும்பி வந்து மெஷினில் உட்கார்ந்தாள். பாண்டீஸ்வரி என்னடி என்று கேட்டதற்கு ஒன்றுமில்லை என்றாள். அன்றைக்குத் தைத்த ஜாக்கெட்டில் ஒரு கை உள்பக்கம் வெளியே வந்திருந்தது. அதைப் பிரித்துக்கொண்டே முடிவு பண்ணினாள். அவள் தேர்ந்தெடுக்க வேண்டியதை அவன் தேர்ந்தெடுத்துவிட்டான். ஆளைத் திருடியதைக்கூட விடலாம், இதை விடக் கூடாது.

அன்றிலிருந்து எதிர்க்கடையைப் பார்ப்பதே அவள் வேலையாயிற்று. பேசத் தெரியாதவளுக்குப் பார்க்கத் தெரியும். டி.வி. நேராகத் தெரிந்தது. அவன் எப்போது குதிப்பான், எப்போது பின்வாங்குவான், தோற்கும்போது உதட்டை எந்தப் பக்கம் கடிப்பான் என்பதெல்லாம் அவளுக்குப் பாடமாயிற்று. ஆனால் அவன் கை வேகத்துக்கு யாரும் ஈடு கொடுக்க முடியாது என்பதும் தெரிந்தது.

ஒரு சாயங்காலம் கோயிலில் தீபாராதனை. கரண்டில் ஓடும் மோட்டார் மேளமும் மணியும் சேர்ந்து சந்து முழுவதையும் நிறைத்தன. அருள்பாண்டி போனைப் பெஞ்சில் வைத்தான். கண்ணை மூடி, கையை மாற்றி நெற்றிப் பொட்டில் குட்டிக்கொண்டு, காதைப் பிடித்துத் தோப்புக்கரணமும் போட்டான். டி.வி.யில் அவன் ஆள் சும்மா நின்று அடி வாங்கியது.

“அண்ணே, அடிக்கிறாண்ணே!” என்று ஒரு பையன் கத்தினான்.

“அடிச்சா அடிக்கட்டும்டா. நாலு அடியில செத்தா போயிருவேன்? நம்ம சாமி பாத்துக்கிருவாரு.”

சொன்னபடியே போனை எடுத்து ஜெயித்தும் விட்டான். சதுர்த்திக்குச் சதுர்த்தி பிள்ளையார்பட்டிக்கு நடந்தே போய் வருகிறவன் அவன். போனுக்குள் ஸ்குரூவை வைத்துத் திருகிக்கொண்டிருந்தாலும் மணி கேட்டால் கை தானாக மேலே போகும். எத்தனையோ வருஷமாக அவள் பார்த்ததுதான். அன்றைக்குத்தான் அதைக் கண்டாள்.

நாலு அடியில் சாக மாட்டான். ஓர் அடியில்?

செந்தாமரை புது ஆளைத் தொடங்கினாள். கருப்பாயி என்று பேர் வைத்தாள். வளர்த்து மேலே கொண்டு வர மாதங்கள் ஆயின. மூன்று வழியும் திரையில் வந்து நின்றபோது இந்தத் தடவை அவள் யோசிக்கவேயில்லை. கல்லைத் தொட்டாள்.

கல்லை வைத்துக்கொண்டு வேறு எவரையும் ஜெயிக்க முடியவில்லை. தோற்றுத் தோற்றுத் தப்பிக்கக் கற்றுக்கொண்டாள். அடிக்கு விலகுவது, மூலைக்குப் போகாமல் சுற்றுவது, கொஞ்ச உயிரை வைத்துக்கொண்டு நெடுநேரம் இழுப்பது. இன்னொன்றும் பழக வேண்டியிருந்தது. மணி அடித்தால் அவள் கையும்தானே மேலே போகிறது? தினமும் தீபாராதனை நேரத்தில் இரண்டு கைகளையும் மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். முதல் நாட்களில் கை துடித்தது.

“ஏன்டி, சாமிக்கு மணி அடிக்குது. மரம் மாதிரி உக்காந்திருக்கே?” என்றாள் பாண்டீஸ்வரி.

“கையில ஊசி இருக்குக்கா.”

“ஊசி இருந்தா என்னடி? பிள்ளையாரைப் போயி குத்தப் போறியா?”

செந்தாமரை கைகளை இன்னும் இறுக்கிக்கொண்டாள். கொஞ்ச நாளில் கை அடங்கியது.

கோதாவில் ஆளையே பந்தயம் வைக்கிற சண்டை உண்டு. தோற்றவரின் ஆள் ஜெயித்தவருக்குப் போய்விடும். அவள் போன் கையிலிருந்தபோது அவன் வெள்ளச்சியை எடுத்துக்கொண்டதும் அப்படித்தான் இருக்கும். முதலில் கருப்பாயி சாதாரணச் சண்டைகளில் கே.கே.டி. கில்லரிடம் வேண்டுமென்றே தோற்றாள். அவன் நாக்கில் ருசி ஏறியது. பிறகு ஒரு சாயங்காலம், இருட்டக் கொஞ்சம் முன்னால், பந்தயத்துக்குக் கூப்பிட்டாள்.

“டேய், அந்தக் கல்லு ஆளு மறுபடி வர்றான்டா!” எதிர்க்கடையில் சத்தம் கேட்டது. “அம்மி கொத்துறதுக்குன்னே எவால்வ் பண்ணிருப்பான் போல. இந்தா, இன்னிக்கு மொத்தமா வாங்கிருவோம்.”

செந்தாமரை மடியில் ஒரு சிவப்பு ஜாக்கெட் துணியை விரித்து, அதன் மறைவில் போனைப் பிடித்திருந்தாள். சண்டை தொடங்கியது. நெருப்பு மேலே மேலே வந்து விழுந்தது. கருப்பாயி விலகினாள், சுற்றினாள், ஒன்று வாங்கினாள், மறுபடி விலகினாள். கோயில் நடை திறந்திருந்தது. பூசாரி உள்ளே போவதை அவள் ஏற்கெனவே பார்த்திருந்தாள். இனி எந்த நேரமும் அடிக்கும்.

கரண்ட் போய்விட்டது.

மெஷின் விளக்கு அணைந்தது. எதிரே டி.வி. இருண்டு, பையன்கள் அருள்பாண்டியின் போனை மொய்த்துக்கொண்டார்கள். கரண்ட் இல்லாமல் மோட்டார் மணி எப்படி அடிக்கும்? கருப்பாயியின் உயிர் ஒரு நூல் அளவுக்கு வந்துவிட்டது. இன்னும் ஓர் அடி பட்டால் கருப்பாயியும் அவனுக்கே. இரண்டாவது தடவையும் தன் ஆளைத் தன் கையாலேயே அவனிடம் கொடுத்ததாக ஆகும். வியர்வையில் விரல் வழுக்கியது. ஜாக்கெட் துணியில் துடைக்கக்கூட நேரமில்லை.

அப்போது கேட்டது. பூசாரி கையால் கயிற்றை இழுத்து அடிக்கிற பழைய மணி. மேளம் இல்லாமல், தனியாக, டங் டங் என்று.

எதிரே பெஞ்சில் போன் வைக்கும் சத்தம் கேட்டது.

கருப்பாயி நின்றாள். செந்தாமரையின் கை அசையவில்லை. மூச்சுகூட விடவில்லை. மணி அடித்துக்கொண்டே இருந்தது. எதிரே அவன் தலை தோப்புக்கரணத்தில் இறங்குவது மங்கலாகத் தெரிந்தது. கருப்பாயியின் காலிலிருந்து கழுத்து வரை கல் ஏறியது. பிறகு ஓர் அடி.

“அண்ணே! அண்ணே!” என்று பையன்கள் கத்தினார்கள். அவன் கண்ணைத் திறந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

வெள்ளச்சி அவள் திரைக்கு வந்து நின்றாள். கையில் நெருப்போடு. செந்தாமரை பழைய பேரை எழுதி வைத்துப் பார்த்தாள். நெருப்பு அணையவில்லை, அணையாது. இது தான் வளர்த்தவள்தான், ஆனால் தான் முடிவு செய்தவள் இல்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு ‘கலைத்துவிடு’ என்பதைத் தொட்டாள். நிச்சயமா என்று கேட்டது. தன்னிடம் யாரோ ஒன்றைக் கேட்டு நிற்கிறார்கள் என்பது நன்றாக இருந்தது. ஆம் என்றாள்.

பிறகு கோதாவிலேயே அவனுக்கு ஒரு வரி அனுப்பினாள்: ‘டிஸ்ப்ளே நல்லா வேலை செய்யுது தம்பி.’

கரண்ட் வந்தபோது அருள்பாண்டி கடை வாசலில் நின்று இந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான். செந்தாமரை ஊக்கு தைத்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் சாயங்காலம் அவனே சந்தின் இந்தப் பக்கம் வந்தான். கூடப் பையன்கள் இல்லை.

“அக்கா... கோவிச்சுக்காதீக. அந்த ஆள மட்டும் திருப்பிக் குடுத்துருங்க. கடைக்கு வர்ற பயலுக எல்லாம் எங்கன்னு கேக்குறானுக.”

“கலைச்சுட்டேன்.”

“கலைச்சுட்டீகளா? எத்தனை பேரு விலைக்குக் கேட்ட ஆளுக்கா அது! உங்களுக்கே வேணுமின்னுதானே...”

அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். “போங்க தம்பி. போயி டிஸ்ப்ளே மாட்டுங்க.”

உள்ளே காஜா எடுத்துக்கொண்டிருந்த பாண்டீஸ்வரி வாயைப் பிளந்துகொண்டு பார்த்தாள். அவன் தன் கடைக்குப் போனான்.

அவன் உட்காரவும் மணி அடிக்கவும் சரியாக இருந்தது. அன்றைக்கு மேளத்தோடு சேர்ந்து பெரிய சத்தம். அருள்பாண்டியின் இரண்டு கைகளும் மேலே எழுந்தன. எழுந்த கைகள் மார்புக்கு நேராக நின்றுவிட்டன. கண்ணை மூடாமல் இந்தக் கடையைப் பார்த்தான். ஒரு கை இறங்கிப் பெஞ்சிலிருந்த போனைப் பிடித்துக்கொண்டது. இனி எந்த மணிக்கும் அவனால் கண்ணை மூட முடியாது என்று அவளுக்குத் தெரிந்தது. இவ்வளவு கிடைக்கும் என்று அவள் நினைக்கவில்லை. கிடைத்ததை வேண்டாம் என்று சொல்லவும் இல்லை.

செந்தாமரை மடியிலிருந்த துணியை எடுத்து மெஷின்மேல் வைத்தாள். ஊசியை நூல்கண்டில் குத்தினாள். பிறகு அவன் பார்க்கப் பார்க்க, அவசரமில்லாமல், இரண்டு கைகளையும் மாற்றித் தூக்கி நெற்றிப் பொட்டில் குட்டிக்கொண்டாள்.