மத்தியானத்தில் மட்டும் சிக்னல் இல்லை

என் கணவருக்குப் பக்கவாதம் வந்து நாலு மாசம் ஆகியிருந்தது. இருபத்தைந்து வருஷம் பஸ் ஓட்டிய மனிதர். இப்போது வலது கையைத் தூக்க வரவில்லை. பேச்சில் 'அது' என்ற ஒரே வார்த்தைதான் மிஞ்சியிருந்தது. தண்ணீரும் அது, பாத்ரூமும் அது, நானும் அது. பயிற்சி கொடுக்க வருகிறவர் கையைப் பிடித்தால் மரக்கட்டை மாதிரி உட்கார்ந்திருப்பார். ஆனால் பகல் பன்னிரண்டு மணிக்கு டிவியில் பழைய பாட்டு போடும்போது மட்டும் அந்த வலது கை தொடையிலிருந்து ஒரு விரல்கடை எழும்பித் தாளம் போடும். அடுப்பைக் குறைத்து வைத்துவிட்டு, அதைப் பார்க்க வந்து நிற்பேன்.

மார்ச் மாசம், ஒரு திங்கட்கிழமை. பாட்டு நடுவில் படம் கட்டம் கட்டமாக உடைந்து நின்றது. இரண்டு நிமிஷத்தில் தானாக வந்துவிட்டது. செவ்வாய்க்கிழமையும் அதே நேரம், அதே கதை. இந்தத் தடவை 'சிக்னல் இல்லை' என்று வந்து, எந்தச் சேனலும் இல்லை. அவர் இடது கையால் கூரையைக் காட்டி, "அது! அது!" என்று கத்தினார். வானத்தில் ஒரு மேகம்கூட இல்லை. பக்கத்து வீட்டு டிவி சத்தமாக ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. மொட்டைமாடிக்கு ஓடினேன்.

எங்கள் வீடு செங்கம் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில், ஆசிரமத்துக்குக் கொஞ்சம் தள்ளி. மாடி அறையில் ஆந்திராவிலிருந்து வந்த ஒரு அம்மா வாடகைக்கு இருந்தார். தபால் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மலையைச் சுற்றிக்கொண்டு இங்கேயே இருந்துவிட வேண்டும் என்று தனியாக வந்தவர். நான் போனபோது அவர் டிஷ் தட்டுக்குப் பக்கத்துக் கைப்பிடிச் சுவரில் காக்கைக்குச் சாதம் வைத்துவிட்டு நின்றிருந்தார். ஒரு காக்கை தட்டின் விளிம்பிலேயே உட்கார்ந்திருந்தது. தினமும் அவர் காக்கைக்கு வைப்பது பன்னிரண்டு மணிக்கு. டிவி போவதும் பன்னிரண்டு மணிக்கு. வேறென்ன வேண்டும்?

புதன்கிழமை காலையிலேயே சொல்லிவிட்டேன்.

"அம்மா, இனிமே இங்க காக்காக்கு வைக்காதீங்க. தட்டுல உக்காந்து ஆட்டுது. அவருக்கு டிவி போயிடுது."

அவர் என்னையும் தட்டையும் மாறி மாறிப் பார்த்தார். "காக்காவாலயா?"

"வேற எதால? நீங்க வந்தாதான் போவுது."

கடைசி வாக்கியத்தைச் சொல்லியிருக்க வேண்டாம். அவர் தன் தெலுங்கில் "சரேம்மா" என்று மட்டும் சொன்னார்.

அன்று மாடியில் காக்கையும் இல்லை, அவரும் இல்லை. ஆனால் டிவி பத்து நிமிஷம் போய்விட்டது. முந்தின நாளைவிட ஜாஸ்தி. என்ன செய்வது என்று தெரியாமல் வாசலில் வந்து நின்றேன். அந்த அம்மா ஒரு டப்பாவில் சாதத்தை எடுத்துக்கொண்டு, அந்த வெயிலில், முந்தானையைத் தலையில் போட்டபடி சந்து முனைக்கு நடந்துகொண்டிருந்தார். காக்கைக்கு வைக்காமல் அவர் சாப்பிட மாட்டார் என்பது அப்போதுதான் உறைத்தது.

போன் பண்ணிக் கூப்பிட்ட டிஷ்காரர் மூன்று மணிக்கு வந்தார். மீட்டரை வைத்துப் பார்த்தார். "சிக்னல் நல்லா இருக்குது மேடம்."

"பன்னெண்டு மணிக்கு இல்லீங்க."

"மலை மறைக்குதோ என்னமோ."

"மலை தட்டுக்குப் பின்னாடி இல்ல இருக்குது? தட்டு தெக்கால பாக்குது. அப்படியே மறைச்சாலும் மத்தியானம் மட்டும் மறைச்சிட்டு மூணு மணிக்கு நகந்துக்குமா?"

அவர் தலையைச் சொறிந்தார். மறுநாள் பன்னிரண்டு மணிக்கே வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

வியாழக்கிழமை சொன்னபடி வந்தார். நாங்கள் இருவரும் தட்டின் பக்கத்தில் நின்றிருந்தோம். யாரும் எதையும் தொடவில்லை. மீட்டர் மெதுவாக இறங்கி அடியில் போய் நின்றது. அவர் முகம் வெளிறிவிட்டது. உடனே கம்பெனியில் யாருக்கோ போன் போட்டார். ரொம்ப நேரம் "ஆமா சார், ஆமா சார்" என்றார். பிறகு என்னிடம் திரும்பி, "சூரியனாம்" என்றார்.

"என்ன சூரியன்?"

"நம்ம தட்டு பாக்கற சேட்டிலைட்டுக்கு நேர் பின்னாடி சூரியன் வந்து நிக்குதாம். அதோட இரைச்சல்ல சேட்டிலைட் பேசறது நம்ம தட்டுக்குக் கேக்கலையாம். ரெண்டு நாள்ல தானா சரியாயிடுமாம்."

"சூரியன் தினமும்தானே வருது?"

"கரெக்டா அதுக்குப் பின்னாடி வர்றது வருஷத்துல ரெண்டு தடவைதானாம். இப்ப ஒண்ணு, செப்டம்பர் கடைசில ஒண்ணு."

"அப்போ பக்கத்து வீட்டுல?"

"அவங்க கேபிள். அது வேற சேட்டிலைட்."

"அந்த சேட்டிலைட் அங்கயே நின்னுக்கிட்டிருக்குதா?"

"நிக்கல மேடம், சுத்துது. பூமியும் சுத்துது. ரெண்டும் சேந்தே சுத்தறதால நமக்கு ஒரே எடத்துல நிக்கற மாதிரி. அதனாலதான் தட்டை ஒரு தடவை திருப்பி முறுக்கி விட்டுட்டுப் போறோம். முப்பத்தாறாயிரம் கிலோமீட்டர் மேல இருக்குது."

நிற்கிறது, ஆனால் சுற்றுகிறது. இரைச்சல், ஆனால் காதில் விழாது. கிரிவலத்தில் உள்பக்கம் நடக்கிறவரும் வெளிப்பக்கம் நடக்கிறவரும் சேர்ந்தே போவது போலவா என்று யோசித்தேன். அப்படியானால் வெளிப்பக்கம் போகிறவர் வேகமாக அல்லவா நடக்க வேண்டும்? அந்த சேட்டிலைட் ஏன் கீழே விழவில்லை என்று கேட்டேன். "எனக்கும் தெரியாது மேடம்" என்று மீட்டரைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

புரியாவிட்டாலும் ஒன்று மட்டும் தெரிந்தது. காக்கை மேல் தப்பில்லை. அந்த அம்மா காலி டப்பாவோடு படியேறி வந்தார். முகமெல்லாம் வியர்வை.

"அம்மா, என் தப்புதான். சூரியனாலயாம். நாளைலேர்ந்து நீங்க மேலயே வைங்க."

அவர் உடனே சமாதானம் ஆகவில்லை. "நான் வந்தா டிவி போவுதுன்னு சொன்னீங்க" என்றார். "எனக்கு அது கஷ்டமா இருந்தது." நான் தலையைக் குனிந்துகொண்டேன். முகத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டு அவரே கேட்டார், "சாருக்குப் பாட்டு இல்லயா அப்ப?"

வெள்ளிக்கிழமை பன்னிரண்டுக்கு அவர் கீழே வந்து என் கணவருக்கு எதிரில் உட்கார்ந்தார். படம் உடைந்து நின்றதும், தொண்டையைக் கனைத்துக்கொண்டு, நின்றுபோன பாட்டின் மெட்டையே தெலுங்கில் பாட ஆரம்பித்தார். தபால் ஆபீஸ் குரல். சுருதி எங்கேயோ போனது. என் கணவரின் கையைப் பார்த்தேன். அசையவில்லை. அவர் அந்த அம்மாவையே உற்றுப் பார்த்தார். உதடு இழுத்தது. ரொம்ப கஷ்டப்பட்டு, ஆனால் தெளிவாகச் சொன்னார்: "வேணாம்."

நாலு மாசத்தில் 'அது' இல்லாத முதல் வார்த்தை. அந்த அம்மாதான் முதலில் சிரித்தார். நான் அழுதேனா சிரித்தேனா என்று இன்றைக்கும் தெரியவில்லை. டிவி எப்போது திரும்ப வந்தது என்பதையும் கவனிக்கவில்லை.

அடுத்த வாரம் டாக்டர் கேட்டார், "புது வார்த்தை எப்படிம்மா வந்தது? என்ன பண்ணீங்க?"

வாயைத் திறந்தேன். சூரியனிலிருந்து தொடங்குவதா, காக்கையிலிருந்து தொடங்குவதா என்று தெரியவில்லை. "ஒண்ணும் பண்ணல சார்" என்றேன்.