ஆமாஞ்சாமி கார்

கந்தப்பளைக்கு மேலே உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தில் லோரன்ஸ் கொழுந்து லொறி ஓட்டிக்கொண்டிருந்தார். மலையில் நிறுவை முடிந்ததும் சாக்குகளை ஏற்றிக்கொண்டு தொழிற்சாலைக்கு இறங்குவார். வெறும் லொறியோடு மறுபடி ஏறுவார். கல்யாணத்துக்கு முன்பே சேர்ந்த வேலை, மூத்த மகள் வேலைக்குப் போகும் வரைக்கும் அதுதான்.

அவருக்குச் சீனி வருத்தம் இருந்தது. பூட்ஸ் உரசி வந்த சின்னப் புண்ணைப் பெரிதாக எடுக்கவில்லை. புண் கறுத்த பிறகுதான் கண்டிக்குப் போனார். கால் எடுக்க வேண்டும் என்று டொக்டர் சொன்னதும், "எந்தக் கால் சேர்?" என்று கேட்டார். புண் எந்தக் காலில் என்பது அவருக்குத் தெரியாதா என்ன. இருந்தும் கேட்டார். இடது கால் என்றார் டொக்டர். வலது கால் பிரேக்குக்கும் எக்ஸிலேட்டருக்கும், இடது கால் கிளச்சுக்கு.

முழங்காலுக்குக் கீழே எடுத்து, பிறகு செயற்கைக் கால் பொருத்தினார்கள். அதைக் கட்டிக்கொண்டு கோயிலுக்கு நடந்தார், கடைக்கு நடந்தார். ஆனால் லொறியில் ஏறி உட்கார்ந்தால் அந்தக் காலுக்குக் கிளச் எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. மிதித்தோமா, பாதி மிதித்தோமா, ஒன்றும் புரியாது. தோட்டத்துக்கு வேறு சாரதி வந்தார். லோரன்ஸ் வீட்டில் இருந்தார். புது சாரதி மேட்டில் கியர் மாற்றும் சத்தம் கேட்கும்போதெல்லாம் ரேடியோச் சத்தத்தைக் கூட்டி வைப்பார்.

அவருடைய மனைவி ஏஞ்சலா தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் வேலை பார்ப்பவர். தாய்மார் கொழுந்தெடுக்கப் போகையில் விட்டுப்போகும் குழந்தைகளைப் பார்த்துக்கொள்வது அவர் பொறுப்பு. ஏஞ்சலாவின் தம்பி மிலான் நீர்கொழும்பில் பாவித்த கார்கள் விற்கும் இடத்தில் இருந்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் பிறகு, தாழ்வாக, கறுப்பாக, பக்கத்தில் சிவப்புக் கோடு போட்ட ஒரு சின்ன ஜப்பான் காரில் வந்து இறங்கினான்.

"இது என்னடா, ரேஸ் காரா?" என்றார் லோரன்ஸ்.

"அந்த சாதிதான் அத்தான். இஞ்சின் சின்னது, டேர்போ இருக்கு. கிளச் பெடல் இல்ல."

"ஒட்டோ கியரா?"

"ஒட்டோ மாதிரி. ஆனா ஒட்டோ இல்ல. அதனாலதான் யாரும் வாங்கல. ரேஸ் ஓட்டுறவன் கிளச் வேணுங்கிறான். ஒட்டோ கேக்குறவன், இது தலையாட்டுதுங்கிறான். ரொம்ப நாளா யார்டுல நிக்கிது. நீங்க ஓட்டிப் பாருங்க."

ஓட்டிப் பார்த்தார். முதல் கியரிலிருந்து இரண்டுக்கு மாறும்போது கார் ஒரு கணம் மூச்சை விட்டுவிட்டு, பிறகு உந்தியது. மூன்று பேருடைய தலையும் முன்னே போய்ப் பின்னே வந்தது. பின்சீட்டில் இருந்த ஏஞ்சலா சிரித்தார். "என்னங்க இது, கேட்டதுக்கெல்லாம் ஆமாஞ்சாமி போட வைக்கிது."

பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. ஒரு மாதத்துக்குள் அந்தத் தோட்டத்தில் அதை ஆமாஞ்சாமி கார் என்றுதான் சொன்னார்கள்.

வேலையை விட்டபோது கிடைத்த சேமலாப நிதிப் பணத்தில் கார் வாங்கியாயிற்று. அவருடைய சாரதி அனுமதிப் பத்திரத்தில் கிளச் இல்லாத வாகனம் மட்டும் என்று எழுதப்பட்டது. ஓட்டிக் காட்டும் இடத்தில் பரிசோதகர் குனிந்து கீழே பார்த்தார். "கிளச் எக்க கோ?" என்று கேட்டார். கிளச் எங்கே என்கிறார்.

"எத்துளே தியெனவா, மாத்தயா," உள்ளே இருக்கிறது ஐயா, என்றார் லோரன்ஸ். பரிசோதகர் சிரித்துவிட்டுப் பக்கத்தில் ஏறிக்கொண்டார்.

உள்ளே இருக்கிறது என்று வாயால் சொன்னாரே தவிர, அது மனதில் ஏற நாள் பிடித்தது. மேட்டில் நிறுத்தி பிரேக்கை விட்டால் கார் பின்னால் உருண்டது. கொண்டை ஊசி வளைவின் நடுவில், மாற்றக் கூடாத இடத்தில், தானாகக் கியர் மாற்றியது. பொறுமையான மனிதர் அந்தக் காரோடு மட்டும் வாய்ச்சண்டை போட்டார். ஏப்ரல் சீசனில் நுவரெலியாவுக்குள் போகும் வாகன வரிசையில் மேட்டில் நின்றபோது, ஹேண்ட்பிரேக்கை இழுக்கச் சோம்பல்பட்டு, எக்ஸிலேட்டரை லேசாக அமத்தி அப்படியே காரைப் பிடித்து வைத்தார். முன்னால் கொழும்புக்காரர்களின் வான்கள் ஊர்ந்தன. கொஞ்ச நேரத்தில் காருக்குள் எச்சரிக்கை மணி அடித்தது. பிறகு அந்த வாடை வந்தது. கிளச் கருகும் வாடை அவருக்குத் தெரியாததா? இத்தனை வருடத்தில் ஒரு லொறிக்கும் அவர் கிளச் எரித்ததில்லை. இல்லாத காலால் எரித்துவிட்டார்.

நுவரெலியாவில் கராஜ் வைத்திருந்த கஜேந்திரன் கியர் பெட்டியைக் கழற்றிக் காட்டினார்.

"பாத்தீங்களா அண்ணே, இது சாதாரண மெனுவல் பெட்டிதான். உங்க லொறியில இருந்த மாதிரியே கிளச் தட்டு. உங்க கால் செஞ்ச வேலைய இந்தச் சின்ன மோட்டர் செய்யுது, அவ்வளவுதான் வித்தியாசம். கால் இல்லாட்டியும் கிளச் இருக்குன்னு நெனச்சு ஓட்டுங்க."

அன்றிலிருந்து லோரன்ஸ் ஓட்டும் விதம் மாறியது. கியர் மாறப்போகும் இடம் இஞ்சின் சத்தத்திலேயே தெரியும். அந்த இடம் வந்ததும் எக்ஸிலேட்டரிலிருந்து வலது காலைக் கொஞ்சம் தூக்கினார். லொறியில் கிளச்சை மிதிக்கும்போது செய்வது அதுதானே. கார் சத்தமில்லாமல் மாற்றிக்கொண்டது. தலை ஆடவில்லை. வளைவுக்கு முன்பே லீவரைத் தட்டி இரண்டில் போட்டுவிட்டால் நடுவில் குழம்பவும் இல்லை. மேட்டில் எப்போதும் ஹேண்ட்பிரேக். காரைக் கொடுத்துவிட்டு ஒட்டோ ஒன்றை எடுக்கலாம் என்று மிலான் சொன்னபோது, "வேணாம்டா. ஒட்டோ என்னைய ஏத்திக்கிட்டுப் போகும். இத நான்தான் ஓட்டணும்," என்றார்.

பிறகு ஆட்களை ஏற்றி ஹயருக்கு ஓடத் தொடங்கினார். சீட்டு கல் மாதிரி இருக்கிறது என்று ஆட்கள் குறை சொன்னாலும் கிளினிக் நாட்களில் கூப்பிட்டார்கள். அப்படிக் கூப்பிட்டவர்களில் ஒருவர் புனிதவதி டீச்சர்.

டீச்சர் சாவகச்சேரிக்காரர். கணக்குப் படிப்பிக்க மாற்றலாகி வந்தவர், கணவர் நடராசாவும் இங்கேயே தபாலதிபராக இருந்ததால், ஓய்வு பெற்ற பிறகும் கந்தப்பளை பஜாருக்குப் பக்கத்தில் தங்கிவிட்டார். நடராசா காலமாகிவிட்டார். மகள் ஊர்மிளா மட்டக்களப்பில். அதற்கு முந்திய வருடம் டீச்சருக்கு லேசாகப் பாரிசவாதம் வந்து, கால் தேறிவிட்டது, இடது கை தேறவில்லை. பயிற்சிக்காக வாரம் ஒருமுறை, செவ்வாய்க்கிழமைகளில், நுவரெலியா வைத்தியசாலைக்குப் போக வேண்டும். முன்சீட்டில், கைப்பையை மடியில் வைத்து, நேராக உட்கார்ந்து வருவார். அதிகம் பேசமாட்டார்.

மூன்றாவது பயணத்தில்தான் கேட்டார். "லோரன்ஸ், ஒண்டு கேட்டால் குறை நினைக்கமாட்டியளே? ஒவ்வொரு கியருக்கும் ஏன் மூச்சைப் பிடிக்கிறியள்?"

லோரன்ஸுக்கே தெரியாது. அடுத்த கியரில் கவனித்தார். ஆமாம், பிடிக்கிறார். இரண்டு பேரும் சிரித்தார்கள். அதற்குப் பிறகு பேச்சு வந்தது. நடராசாவின் பழைய காரைத் தானும் ஓட்டியதாக டீச்சர் சொன்னார். அனுமதிப் பத்திரம் இன்னும் இருக்கிறது, ஓட்டித்தான் வருடக்கணக்காகிவிட்டது என்றார்.

ஐப்பசி மழை விடாமல் பிடித்திருந்த ஒரு நாள், வைத்தியசாலையில் கூட்டம். வெளியே வர மத்தியானம் தாண்டிவிட்டது. லோரன்ஸ் காலையில் இன்சுலின் போட்டிருந்தார், பகல் சாப்பாட்டை வீட்டில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டார். திரும்பும் வழியில் மூடுபனி. ஒரு பக்கம் லீக்ஸ் பாத்திகள் கீழே இறங்கிப் போயின. மறுபக்கம் வெட்டிய மண் சுவர். ஏற்றத்தின் நடுவில் லோரன்ஸ் வேகத்தைக் குறைத்தார். நெற்றியில் வேர்வை. மூன்று கார் தள்ளி ஓடும் லொறியின் விளக்கு இரண்டாகத் தெரிந்தது.

"டீச்சர், கொஞ்சம் நிப்பாட்டுறேன். சீனி எறங்குது."

ஓரத்தில் நிறுத்தி ஹேண்ட்பிரேக்கை இழுத்தார். வழக்கமாகக் காரில் வைக்கும் குளுக்கோஸ் பெட்டி காலியாக இருந்தது. டீச்சர் வலது கையால் பையைத் துழாவினார். தேத்தண்ணிக்குக் கடித்துக்கொள்ள ஊரிலிருந்து வரவழைக்கும் பனங்கட்டித் துண்டு ஒன்று கடதாசியில் சுற்றி இருந்தது.

"வாயைத் திறவுங்கோ. சப்பாதேங்கோ, கரைய விடுங்கோ."

பனங்கட்டி கரைந்துகொண்டிருக்கும்போதே மண் சுவரிலிருந்து கை அளவு கல் ஒன்று பொனெட்டில் விழுந்தது. பிறகு சின்னக் கற்கள். தண்ணீர் செம்மண்ணாக றோட்டைக் கடந்து ஓடியது. இரண்டு பேரும் மேலே பார்த்தார்கள். பனியில் ஒன்றும் தெரியவில்லை.

"இங்க நிக்கக் கூடாது," என்றார் லோரன்ஸ்.

"நீங்கள் ஓடக் கூடாது."

"ஆமா. இப்ப ஓட்டுனா விழுந்திருவேன்."

டீச்சர் அவருடைய காலடியைக் குனிந்து பார்த்தார். "கிளச் இல்லைத்தானே? கியர் மாத்துறதும் இல்லை. அப்ப இடக்கை வேலை ஒண்டும் இல்லை. நான் எடுக்கிறன்."

"ஹேண்ட்பிரேக் இருக்கு டீச்சர். ஏத்தம். அது இல்லாம எடுத்தா பின்னுக்கு உருளும்."

"அது உங்கட வலக்கைப் பக்கம்தானே வரும்."

டீச்சர் மழையில் இறங்கிச் சுற்றி வந்தார். லோரன்ஸ் உள்ளேயே நகரப் பார்த்தார். செயற்கைக் கால் லீவரில் மாட்டிக்கொண்டது. பட்டியை அவிழ்த்து அதைக் கழற்றிப் பின்சீட்டில் போட்டுவிட்டு, கைகளை ஊன்றி அந்தப் பக்கம் போய் உட்கார்ந்தார். டீச்சர் சீட்டை முன்னால் இழுத்துக்கொண்டார்.

"பிரேக்ல கால் வைங்க. வச்சிட்டீங்களா? நான் டி-ல போடுறேன். இப்ப பிரேக்க விடுங்க, நான் புடிச்சிருக்கேன். எக்ஸிலேட்டர மெதுவா அமத்துங்க."

"இவ்வளவு போதுமே?"

"இன்னங் கொஞ்சம்."

இஞ்சின் சத்தம் கனத்தது. காரின் மூக்கு கொஞ்சம் எழும்பியது. கிளச் பிடித்துவிட்டது என்பது ஹேண்ட்பிரேக்கைப் பிடித்திருந்த கைக்குத் தெரிந்தது. லோரன்ஸ் அதை இறக்கினார். கார் ஓர் அங்குலமும் பின்னால் போகாமல் ஏறியது.

இரண்டாம் கியரில் இரண்டு தலையும் ஆடின. "மாறயில காலக் கொஞ்சம் தூக்கணும் டீச்சர்," என்றார் அவர், கண்ணை மூடிக்கொண்டு. "எப்ப எண்டு எனக்கு எப்பிடித் தெரியும்?" "நான் சொல்றேன்." அவர் சொல்ல, டீச்சர் தூக்கினார். அடுத்த சந்தியில் ஒரு தேத்தண்ணிக் கடை. அதற்கு முன்னால் காரைக் கோணலாக நிறுத்தினார்கள். கடைக்காரர் வந்து பார்த்தபோது, ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த டீச்சரின் வலது கை விரல்களைக் கடைக்காரரே ஒவ்வொன்றாக எடுத்துவிட வேண்டியிருந்தது. லோரன்ஸ் சீனி போட்ட தேத்தண்ணி இரண்டு கோப்பை குடித்தார்.

மறுநாள் அந்த இடத்தில் பாதி றோட்டுக்கு மண் கிடந்தது. மண் அள்ளும் இயந்திரம் வந்து அள்ளியது. அது எப்போது சரிந்தது என்று யாரும் பார்க்கவில்லை.

லோரன்ஸ் டொக்டரிடம் நடந்ததை மறைக்காமல் சொன்னார். மருந்தின் அளவை மாற்றினார்கள், சில வாரங்களுக்குக் கார் ஓட்டக் கூடாது என்றார்கள். ஏஞ்சலா சாவியை வாங்கிப் பிள்ளைக் காம்பராவில் பால்மா அலுமாரிக்குள் பூட்டி வைத்தார். "அந்தம்மாவுக்கு ஒண்ணு ஆகியிருந்தா நாங்க யாருக்குப் பதில் சொல்றது?" என்று ஒரு தரம்தான் கேட்டார்.

சாவி திரும்பக் கிடைத்த பிறகு முதல் பயணத்தில், டீச்சர் முன்சீட்டில் ஏறவில்லை. சாரதிப் பக்கக் கதவருகில் வந்து நின்றார்.

"கொஞ்சம் இறங்குங்கோ. கார் ஓடக் கேக்கேல்லை. அந்தப் பிரேக்கை இழுத்துப் பாக்கோணும்."

வீட்டு வாசலில் நின்ற காரில் ஏறி, இடது கையால் ஹேண்ட்பிரேக்கைப் பிடித்தார். விரல்கள் மடங்கின. பிரேக் லீவர் ஒரு பல் அளவு ஏறியது, அவ்வளவுதான். "வைத்தியசாலையில ரப்பர் பந்தைத் தந்து அமத்தச் சொல்லுகினம். பந்தை அமத்தி நான் என்ன செய்யிறது?" என்றார். அதன் பிறகு ஒவ்வொரு வாரமும் புறப்படுவதற்கு முன் அதைச் செய்தார். லோரன்ஸ் வெளியே குடையைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பார். சில வாரம் முன்னேற்றம் இருந்தது, சில வாரம் இல்லை. குளிர் கூடிய மாதத்தில் கை மறுபடி இறுகிப்போய், டீச்சர் இரண்டு தடவை அப்படியே இறங்கிப் பக்கத்துச் சீட்டுக்குப் போனார்.

அடுத்த ஆண்டு நடுவில் டொக்டர் டீச்சருக்கு எழுதிக் கொடுத்தார், கிளச் இல்லாத வாகனம் மட்டும் ஓட்டலாம் என்று. ஊர்மிளா மட்டக்களப்பிலிருந்து தொலைபேசியில் அழுதார், பிறகு சம்மதித்தார். மிலானிடம் ஒரு கார் பார்க்கச் சொன்னபோது, "ஆன்டி, நல்ல ஒட்டோ ஒண்ணு வந்திருக்கு. தலையாட்டாது, பின்னுக்கு உருளாது," என்றான்.

"வேண்டாம் மிலான். எனக்கு இந்தக் கியர் பெட்டிதான் தெரியும்," என்றார் டீச்சர். "ஆனால் சிவப்புக் கோடு வேண்டாம்."

கோடில்லாத வெள்ளைக் கார் ஒன்று கிடைத்தது. இப்போது செவ்வாய்க்கிழமைகளில் டீச்சர் தனியாகப் போய் வருகிறார். அந்த நாளை லோரன்ஸ் வலப்பனைப் பக்கத்து ஹயர் ஒன்றுக்குக் கொடுத்துவிட்டார்.